புளிக்கையோடு சொன்னது

கோயிலின் பின்பக்க அறையில் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் பேசின் இருந்தது. வியாழன் மத்தியானங்களில் அதற்கு இரண்டு பக்கமும் நானும் அந்த அக்காவும் கால்நீட்டி உட்கார்ந்து, வெள்ளிக்கிழமைப் பூசைக்கான குத்துவிளக்குகளை மினுக்குவோம். உச்சியிலிருக்கும் அன்னத்தைத் திருகிக் கழற்றி, தட்டு, தண்டு, அடி என்று பிரித்து, ஊறவைத்த புளியைப் பூசுவோம். அர்ச்சனைத் தேங்காய்களிலிருந்து பிய்த்துச் சேர்த்த குடுமிகள்தான் எங்களுக்குத் தேய்க்கிற தும்பு. கடையில் விற்கிற பித்தளை மருந்தை அக்கா கிட்டவும் அண்டவிடமாட்டார். களிம்பு போனபிறகு துடைத்து, திருநீறு போட்டு இன்னொரு தரம் தேய்த்தால்தான் அவருக்குத் திருப்தி. "பின்பக்கத்தை ஆர் பாக்கப்போறது எண்டு விட்டிடாதை பிள்ளை" என்பார். நான் விட்டுவிடுவேன். அவர் அதை வாங்கித் திரும்பவும் தேய்ப்பார்.

அவர் எனக்குச் சொந்தமில்லை. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருந்தவர். ஏழு வருடம் அப்படி எதிரெதிரே இருந்தோம். விளக்கு மினுக்கும்போது வாய் தானாகத் திறந்துவிடும். இரண்டு கையும் புளியாக இருப்பதால் போனைத் தொட முடியாது. கண் விளக்கிலேயே இருப்பதால் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. என் கர்ப்பப்பை ஆபரேஷன், கணவரோடு வரும் சண்டைகள், அம்மாவின் சாவுக்குப் போகமுடியாமல் போனது, எல்லாவற்றையும் அந்தப் பேசினுக்கு மேலே கொட்டியிருக்கிறேன். "எனக்குச் சொன்னது எங்கையும் போகாது" என்பார். போனதும் இல்லை. அல்லது போனது எனக்குத் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை என் மகள் சூட்கேசோடு வந்து நின்றாள். கல்யாணமாகி ஒன்றரை வருடம். இனி அந்த வீட்டுக்குத் திரும்பிப் போவதில்லை என்றாள். காரணத்தையும் சொன்னாள், அதை இங்கே எழுதமாட்டேன். என் கணவர் அப்போது யாழ்ப்பாணம் போயிருந்தார், வர மூன்று கிழமை இருந்தது. "அப்பாவுக்கு நான்தான் நேர சொல்லுவன். அதுவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ அம்மா. பிரொமிஸ் பண்ணுங்கோ" என்றாள். பண்ணினேன்.

ஐந்து நாள் அடக்கி வைத்திருந்தேன். வியாழக்கிழமை, ஒரு தட்டைத் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், காரணம் உட்பட. அழுகை வந்தது. புளிக்கையால் கண்ணைத் துடைக்கப் போனேன். அக்கா தடுத்து, கையைக் கழுவிவந்து, தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார். அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

அடுத்த கிழமை கணவர் ஊரிலிருந்து போன் எடுத்தார். ஒரு கல்யாண வீட்டில், அங்கேயே இருக்கும் அக்காவின் தம்பி அவருடைய கையைப் பிடித்து, "கேள்விப்பட்டன் அண்ணை, கவலைப்படாதேங்கோ" என்றிருக்கிறார். எதற்கு என்று இவர் கேட்க, அவர் காரணம்வரை சொல்லியிருக்கிறார், பந்தியில் நாலு பேர் கேட்க. "என்ர பிள்ளையின்ர கதையை நான் ஊரானிட்டயோ கேக்கவேணும்?" என்றார் என் கணவர். போனை வைத்துவிட்டார்.

அக்காவின் வீட்டுக்கே போனேன். கதவைத் திறந்தவரின் முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லை. "தம்பிக்கு மட்டுந்தானே சொன்னனான். அவன் என்ன, வேற ஆளே? உன்ர மனுசனுக்கு அங்க ஒரு துணையா இருப்பான் எண்டு நினைச்சன்" என்றார். பிறகு, "தேத்தண்ணி போடட்டே?" என்று கேட்டார். அந்தத் தேத்தண்ணிக் கேள்வியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மகளிடம் கத்தித் தீர்த்தேன். ஏழு வருடப் பழக்கம், கூடப்பிறந்தவளாக நினைத்தேன், இப்படிச் செய்வாள் என்று கனவிலும் நினைக்கவில்லை என்றெல்லாம் புலம்பினேன். "நம்பிக் கெட்டுப்போனன், பிள்ளை" என்றேன்.

அவள் தலையை நிமிர்த்தவில்லை. "நானுந்தான், அம்மா" என்றாள்.

கோயிலில் விளக்கு மினுக்குவதை அதோடு விட்டுவிட்டேன். வீட்டு விளக்குகள் மட்டும் இருக்கின்றன. போன பொங்கலுக்கு முதல்நாள் மகள் வந்து, தானாகவே எனக்கு எதிரே உட்கார்ந்து தட்டைத் தேய்க்கத் தொடங்கினாள். அவளுக்கு நல்ல கை. அவள் வெஸ்ட் ஈலிங்கில் வீடு பார்ப்பதும், யாரோ ஒருவரோடு பழகுவதும் அவளுடைய அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளாகவே சொல்வாள் என்று நான் தண்டைத் தேய்த்தபடி காத்திருந்தேன். கடைசியில் நானே கேட்டேன். "என்ன பிள்ளை, வேற என்ன புதினம்?"

"ஒண்டுமில்லை அம்மா" என்றாள். "திருநீறு எங்க?"