புண்ணோடு சுட்ட கை

தின்கன்ஜூன் பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாய் ஒரு நாள் நீலம், ஒரு நாள் கறுப்பு. மேலே எந்த ஆலைக்காரன் எதைத் திறந்துவிடுகிறானோ, நாசமாய்ப் போக! அந்தத் தண்ணீரில்தான் பக்கத்து வீட்டு அக்கா பழைய பிளாஸ்டிக் பைகளை அலசிக் காயவைத்து விற்பாள். அவள் கை முழங்கைவரை வெடித்துப் புண்ணாகிக் கிடந்தது. மருந்து போட்டால் இரண்டு நாள் ஆறும். தண்ணீரில் இறங்கினால் பழையபடி வெடிக்கும்.

நான் களிமண்ணில் சிலை செய்கிறவள். கால்வாயைப் பற்றி எழுதிக் கொடுத்த மனுவெல்லாம் குப்பைக்குப் போச்சு. இதையாவது கண்ணைத் திறந்து பாருங்கடா என்று அவள் வலது கையை அப்படியே வடிக்க நினைத்தேன். "அக்கா, உங்க கையை மண்ணுல செய்யட்டுமா?" என்று கேட்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீ நல்லா இருப்பே, தாயி" என்றாள். என் கலைக்குக் கிடைத்த மரியாதை என்று பூரித்துப் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கணும்.

அவள் கையின் ஒரு வெடிப்பையும் விடாமல் செய்தேன். இங்கே மின்சாரத்தை நம்பி எதையும் சுட முடியாது. ஆற்றுக்கு அக்கரையில் துவாண்டே ஊரில் சட்டிபானை சுடுகிற சூளையில் கொடுத்து வாங்கினேன். நகரத்து நடுவே லத்தாவில் ஒரு மாடி அறையில் கண்காட்சி வைத்தோம்.

முதல் நாளே அக்கா வந்தாள். முகத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து, தலையில் பூ, கையில் தேங்காயும் கற்பூரமும். "கோயிலுக்கு எப்ப எடுத்துட்டுப் போறோம்?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கைக்கு முடியவில்லை என்றால் மண்ணில் கை செய்து அம்மனுக்கு வைப்பது எங்கள் தமிழ் ஆட்கள் வழக்கம். அவளுக்காக நான் நேர்ந்துகொண்டேன் என்று இத்தனை வாரமும் நம்பியிருக்கிறாள்.

கிட்டப் போய்ப் பார்த்தாள். முகம் செத்துவிட்டது.

"சாமிக்கு ஆறின கையை இல்ல வைப்பாங்க? புண்ணோட செஞ்சிருக்கியே! பச்சை மண்ணுன்னாலும் கரைச்சிடலாம். சுட்டுட்டியேடி! இனி இந்தப் புண்ணு ஆறவே ஆறாதே!"

"இது கோயிலுக்கு இல்லக்கா. ஊரு பாத்து வெக்கப்படணும்னு செஞ்சேன்."

"எனக்குத்தான் வெக்கமா இருக்கு" என்றவள், இரண்டு கையையும் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

மறுநாள் காலையில் ரப்பர் கையுறை வாங்கிக்கொண்டு ஓடினேன். கால்வாயில் நின்று பை அலசிக்கொண்டிருந்தாள். மருந்தைக்கூடத் தூக்கிப் போட்டுவிட்டாளாம். கையுறையை நீட்டினேன்.

"இனிமே எதுக்கு?" என்றாள், என் முகத்தைப் பார்க்காமலே.