வெந்நீர் ஊற்றிய குழாய்

அறுபதுகளின் நடுவில் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியின் ரசாயன ஆய்வுக்கூடத்தில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை எனக்கு. பிள்ளைகளுக்குக் கரைசல் கலக்கிக் கொடுப்பதும் அவர்கள் உடைத்ததைப் பொறுக்குவதுமாகச் சில வருடங்கள் ஓடியிருந்தன. சென்னைக்குப் போய் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்ற ஆசையை நான் யாரிடமும் மறைத்ததில்லை. மறைக்கிற சுபாவமும் எனக்குக் கிடையாது.

செய்முறைத் தேர்வு நடத்தச் சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் வருகிறார் என்றதும், நான் செய்துவரும் சோதனையைச் சொல்லி, ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொள்வீர்களா என்று அவருக்கு எழுதிக் கேட்டேன். தேர்வு முடிந்ததும் அரை மணி நேரம் தருகிறேன், சோதனையைச் செய்து காட்டுங்கள், பிடித்திருந்தால் சேர்த்துக்கொள்கிறேன் என்று பதில் வந்தது.

காட்ட வேண்டியது இதுதான். பப்பாளிக்காயைக் கீறினால் வடிகிற பாலில் ஒரு நொதி, அதாவது என்சைம், உண்டு. புரதத்தைத் துண்டு துண்டாக நறுக்கிவிடும். ஆனால் கரைசலோடு கலந்துவிட்டால் அதைத் திரும்பப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. அதனால் அதைச் செல்லுலோஸ் தூளில் ஒட்ட வைத்து, தூளைக் கண்ணாடிக் குழாயில் அடைத்தேன். மேலே பால் புரதக் கரைசலை ஊற்றினால், நறுக்கின புரதம் கீழே சொட்டும். நொதி தூளிலேயே நிற்கும். சொட்டியதில் அமிலம் விட்டுப் பார்ப்பேன். முழுப் புரதமாக இருந்தால் திரியும், நறுக்கியிருந்தால் திரியாது. மூன்று மாதம் மல்லுக்கட்டி, கடைசி ஒரு வாரமாகத் திரியவில்லை. கீரமங்கலத்துத் தோட்டங்களிலிருந்து வரவழைத்த காய்கள் வீண்போகவில்லை என்று எனக்கு ஒரே பெருமை.

அவர் வருகிற நாள் காலையில் குழாயை மோந்து பார்த்தேன். லேசாகப் பால் வாடை. கை தானாக ஸ்டவ்வைப் பற்ற வைத்தது. பால் பட்ட எதையும் கொதிநீர் விட்டு அலசாமல் வைத்ததில்லையே நான். கொதிக்கக் கொதிக்க ஊற்றி, ஆறும் வரை அப்படியே விட்டேன். சூடு பட்டால் நொதி செத்துப்போகும் என்று வகுப்பில் தொண்டை கிழியச் சொல்கிறவளும் நான்தான்.

மத்தியானம் அவர் முன்னால் அமிலத்தை விட்டேன். வெள்ளை வெளேரென்று திரிந்தது.

"என்னம்மா இது?"

"காலையில சுடுதண்ணி ஊத்திக் கழுவிட்டேன் சார். பால் பாத்திரம் கழுவுற பழக்கம்."

"அப்ப காட்டுறதுக்கு ஒண்ணும் இல்ல." கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி எழுந்துவிட்டார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது, என்மேல்தான். அந்த வேகத்தில், தினமும் முடிவுகளைக் குறித்து வைத்த நோட்டைத் திறந்து அவர் முன் வைத்தேன்.

"உக்காருங்க சார். நேத்து வரைக்கும் இதே தூளு, இதே கரைசல், திரியல. இன்னைக்கு வெந்நீர் மட்டுந்தான் புதுசு, திரிஞ்சிருச்சு. வெறும் தூளு அந்த வேலையச் செஞ்சிருந்தா வெந்நீர் பட்டதும் நின்னு போயிருக்குமா? அப்ப அதுல ஒட்டியிருந்த என்சைம்தானே நறுக்கியிருக்கு? இந்தச் சோதனைய நான் வேணும்னே செஞ்சு பாத்திருக்கணும். மூணு மாசமாத் தோணவே இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் பேராசிரியரை அதட்டி உட்காரச் சொன்னது உறைத்தது. அதற்குள் அவர் மறுபடி உட்கார்ந்திருந்தார். ஒரு வாரப் பக்கங்களையும் வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். பிறகு என் விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கி, ஜூனில் சேரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மை கலைந்துவிடுமோ என்று பயந்து, அவர் பஸ் ஏறிப் போன பிறகும் அந்தத் தாளை மடிக்காமல் ஊதிக்கொண்டே நின்றேன்.