அமாவாசை ரயிலில் அக்கா கூட்டிப்போன பெண்கள்

கடலாடியில் பிறந்து, ராமநாதபுரத்தில் வாழ்க்கைப்பட்டு, இந்த மார்கழியில் நெஞ்சுவலியால் எங்களை விட்டுப் பிரிந்த அக்கா அவர்களின் பதினாறாம் நாளுக்காக இதை எழுதுகிறேன். நான் ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். எதற்கும் பயப்படுகிறவள். இதை ஆண்களும் படிப்பார்களே என்று இப்போதும் பயம்தான். ஆனால் இதை விட்டுவிட்டால் அக்காவைப் பற்றி எழுதியதாக ஆகாது.

அத்தான் இளவயதிலேயே தவறிவிட, மிளகாய் வத்தல் வியாபாரம் செய்து பிள்ளைகளை ஆளாக்கியவர் அக்கா. ஐம்பது தாண்டியபின் மாரில் கட்டி வந்தது. கூசாமல் மதுரைக்குப் போய் அறுத்துக்கொண்டு வந்தார். வருஷத்துக்கு இருமுறை காட்ட வேண்டும் என்று சொன்னதைத் தவறவிட்டதே இல்லை. தான் மட்டும் போனால் போதும் என்றும் இருக்கவில்லை.

எங்கள் வயதுப் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார்களா? பேரன் பேத்தி எடுத்தபின் உடம்பைத் திறந்து காட்டுவதா என்பார்கள். பேரைச் சொன்னாலே அந்த நோய் வந்துவிடும் என்பார்கள். ஆனால் ராமேஸ்வரத்தில் அமாவாசைக் குளியல் என்றால் எந்த வீட்டிலும் தடையில்லை. ஆடியிலும் தையிலும் அக்கா கூட்டம் சேர்த்துவிடுவார். திரும்பி வந்து ரயிலை விட்டு இறங்கியதும் ஈரச்சேலை மூட்டையோடு நேரே எங்கள் ஊர் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் மாரைக் காட்டக் கூட்டிப்போவார். வீட்டில் ரயில் லேட் என்று சொல்லிக்கொள்வோம்.

நான் மட்டும் மூட்டைகளுக்குக் காவல் என்று வாசலிலேயே உட்கார்ந்துவிடுவேன். ஓர் ஆடி அமாவாசையில், கடற்கரையில் நான் சேலை மாற்ற மறைப்புப் பிடித்த அக்கா, என் மாரில் ஓரிடம் குழிந்திருப்பதைப் பார்த்துவிட்டார். பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது, “இன்னைக்கு மூட்டைக்கு நான் காவல். நீ உள்ள போற” என்றார்.

“ஏதாச்சும் இருக்குன்னு சொல்லிட்டா என்னக்கா செய்வேன்?”

“சொல்லாட்டி மட்டும் இல்லாமப் போயிருமாடி? என் தழும்பப் பாத்துருக்கேல்ல. அறுத்தவதான் இங்கன ஒக்காந்து முறுக்குத் திங்கிறேன்.”

போனேன். இருந்தது. மதுரையில் என் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துக் கிடந்தார் அக்கா. இன்று நான் இருக்கிறேன்.

படுக்கையில் விழுந்தபின்னும் அக்காவுக்கு அதே நினைப்புதான். “தை அமாவாசைக்கு என் சாவுத் தீட்டச் சாக்குச் சொல்லி நிறுத்திராத. கடல்ல முங்குனாத் தீட்டுப் போயிரும்” என்றார்.

அமாவாசைதோறும் எங்களுக்காகக் காத்திருந்த டாக்டரம்மாவுக்கும், முகம் சுளிக்காத நர்சுகளுக்கும், கடைசி நாட்களில் அக்காவைத் தாங்கிய அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

தை அமாவாசைக்கு நான் போகிறேன். காலை ரயில். வருகிறவர்கள் மாற்றுச் சேலை எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது ரயில் லேட் என்று சொல்ல வேண்டியதில்லை. இதைப் படித்த ஆண்களுக்கு இனி தெரியும்.