இரண்டாவது கேள்வி

பம்பாய் செம்பூரில் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு நான் சயன்ஸ் எடுக்கிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் வாரத்துக்கு ஒரு பீரியடு கூடுதலாக என் தலையில் விழுந்தது. பாகுபாடு, சமத்துவம், சமூக நீதி இதைப் பற்றியெல்லாம் பிள்ளைகளிடம் பேச வேண்டும். பரீட்சை கிடையாது. வியாழக்கிழமை கடைசி பீரியடு.

முதல் சில வாரங்கள் ரொம்பச் சுலபமாகப் போயின. அதுதான் எனக்கு உறுத்தியது. எதைக் கேட்டாலும் பிள்ளைகளுக்குச் சரியான பதில் தெரிந்திருந்தது. எல்லாரும் சமம், யாரையும் மட்டமாக நினைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, பெல் எப்போது அடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அணுசக்தி நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள், தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப் பிள்ளைகள், மராத்திக்காரர்கள், தமிழர்கள், இந்திக்காரர்கள் எல்லாரும் கலந்த வகுப்பு அது. பேச விஷயமா இருக்காது? ஆனால் யாரும் பேசவில்லை.

ஒரு வியாழக்கிழமை, லேபர் கேம்பிலிருந்து வரும் ஒரு பெண் கை தூக்கினாள். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், அப்பாவுக்கு தாராவியில் ஒரு பட்டறையில் வேலை. என்னிடம் மட்டும் தமிழில் பேசுவாள்.

"எல்லாரும் சமம்னு சொல்லுதீங்க மிஸ். அப்புறம் ஏன் பேரச் சொன்னா உடனே 'ஆகே க்யா?', அதுக்கு மேல என்னன்னு கேக்காங்க?"

"யார் கேக்கறா?"

"எல்லாரும்தான். புதுசா யாரப் பாத்தாலும். அப்பா பேரச் சொன்னா, அது இல்ல, சர்நேம் சொல்லுங்காங்க. எங்களுக்குத்தான் சர்நேமே கிடையாதே. அப்ப ஊரு எதுன்னு கேக்காங்க. அவங்களுக்கு என்னதான் தெரியணும்?"

மற்றவர்களுக்காக அதையே இந்தியில் திருப்பிச் சொன்னாள். வகுப்பு முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தது.

பம்பாயில் பெயர் என்றால் தன் பேர், அப்பா பேர், சர்நேம் என்று மூன்று துண்டு இருக்க வேண்டும். தமிழ் வீடுகள் பலவற்றில் மூன்றாவது துண்டு கிடையாது. மாட்டுங்காவில் என் அப்பா ஆபீஸ் வேலையில் சேர்ந்தபோது, கேட்டார்களே என்று ஜாதிப் பேரையே அந்த இடத்தில் போட்டுவிட்டார். அது என் பேரிலும் வந்து ஒட்டிக்கொண்டது. அதனால் அந்தப் பெண் சொன்ன கேள்வி என்னை யாரும் கேட்டதே இல்லை என்பது அந்த நிமிஷம்தான் எனக்கே தெரிந்தது. கேட்க அவசியமே இருந்திருக்காது.

"எனக்கும் தெரியலை. கண்டுபிடிச்சுப் பார்க்கலாமா?" என்றேன்.

அடுத்த வியாழன்வரைக்கும் ஒரு வேலை கொடுத்தேன். யாராவது புதியவர் பேர் கேட்டால் முதல் பேரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். இரண்டாவதாக அவர் என்ன கேட்கிறார் என்று கவனித்து வந்து சொல்ல வேண்டும். சயன்ஸ் டீச்சர் புத்தி, வேறென்ன.

ஒரு வாரம் கழித்து அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அணுசக்தி நகர் பையன் ஒருவன், "எங்க காலனியில சர்நேம் யாரும் கேட்கலை டீச்சர், எந்த பில்டிங்னுதான் கேட்டாங்க" என்றான். எந்த பில்டிங் என்று தெரிந்தால் அப்பாவின் கிரேடு தெரிந்துவிடுமாம். பாண்டுப்பிலிருந்து சமீபத்தில் குடிவந்த ஒரு பையனிடம், "நீ மதராஸியா?" என்று நேராகவே கேட்டிருக்கிறார்கள். ஒரு மராத்திப் பெண்ணுக்குக் கிடைத்த கேள்வி, "வீட்டில் மீன் சமைப்பீங்களா?"

கடைசி பெஞ்சில் ஒரு முஸ்லிம் பையன் தன் முறைக்காகக் காத்திருந்தான்.

"எனக்கு இரண்டாவது கேள்வியே வரலை டீச்சர்."

"நீ தப்பிச்சே" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"இல்லடா. பேரைச் சொன்னதும் பேச்சே முடிஞ்சுடுது."

புகார் சொல்லும் குரலில் அவன் அதைச் சொல்லவில்லை. லேபில் ரீடிங் சொல்வதுபோலத்தான் சொன்னான். பக்கத்துப் பையன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "இது நல்லதா, கெட்டதா டீச்சர்?" என்று கேட்டான். அவனையே கேள் என்றேன். அவர்கள் இருவரும் பீரியடு முடியும்வரை ஏதோ மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தடுக்கவில்லை.

லேபர் கேம்ப் பெண் கணக்கு ட்யூஷன் சேர அம்மாவோடு ஒரு வீட்டுக்குப் போயிருந்தாள். அந்த ட்யூஷன் ஆன்ட்டி முதலில் சர்நேம் கேட்டார், பிறகு ஊர், பிறகு குலதெய்வம். கடைசியில் திங்கட்கிழமையிலிருந்து வா என்று சொல்லிவிட்டார்.

"சேத்துக்கிட்டாங்க மிஸ். அப்ப எதுக்குக் கேட்டாங்க? நான் கேட்டேன், ஏன் ஆன்ட்டி கேக்கீங்கன்னு. சும்மாதான்னுட்டாங்க."

"சும்மாதான்" என்பதை இந்தியில் "ஐஸே ஹி" என்று அவள் மொழிபெயர்த்ததும் வகுப்பே சிரித்தது. பெரியவர்களிடம் எதைக் கேட்டாலும் எல்லாருக்கும் கிடைக்கிற பதில் அதுதான்.

அதன்பிறகு நான் சொல்லாமலே பிள்ளைகள் போகிற இடத்திலெல்லாம் "ஏன் கேக்கறீங்க?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு பேரண்ட் போன் பண்ணினாங்க. வீட்டுக்கு வந்த விருந்தாளியை அவங்க பையன் குறுக்குக் கேள்வி கேட்டானாம். என்ன சொல்லிக்கொடுக்கறீங்க?"

நடந்ததைச் சொன்னேன்; விருந்தாளி கதையை அந்தப் பையனே வகுப்பில் சொல்லியிருந்தான். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்த விருந்தாளி என்ன பதில் சொன்னாராம்?"

"யோசிச்சுப் பார்த்துட்டு, 'தெரியலையேப்பா, எங்க அப்பா கேட்பார், நானும் கேட்கறேன்'னு சொன்னாராம் மேடம்."

பிரின்சிபால் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். வெளியில் போய்ப் பெரியவர்களைக் கேள்வி கேட்பதை மட்டும் நிறுத்தச் சொன்னார். வகுப்புக்குள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்றார். அது நியாயமாகத்தான் பட்டது.

அதனால் அடுத்த வாரம் விஷயத்தைப் பிள்ளைகள் பக்கமே திருப்பினேன். புதிதாக ஒருவரைப் பார்த்தால் நீங்கள் இரண்டாவதாக என்ன கேட்பீர்கள்? அவர் யார், எந்த வகை என்று தரம் பிரிக்காத ஒரு கேள்வி வேண்டும்.

"எந்த பஸ்ல வர்றே?" என்றது ஒரு குரல்.

"அது எங்க இருக்கேன்னு கேக்கறதுதானே" என்றாள் லேபர் கேம்ப் பெண்.

"லீவுக்கு எங்க போனே?" அதுவும் சரிப்படவில்லை. லீவுக்கு எங்கும் போகாதவர்கள் பாதிப் பேர். "பிடிச்ச சாப்பாடு?" மராத்திப் பெண் தலையில் அடித்துக்கொண்டாள். "கரண்ட் போனா என்ன பண்ணுவே?" என்று ஒருவன் கேட்க, "எங்க காலனியில கரண்ட் போகாது" என்றான் அணுசக்தி நகர் பையன். சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே விளங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டான். இவ்வளவு சின்னக் கேள்விகளுக்குள்ளே இவ்வளவு இருக்கிறதா என்று எனக்கும் ஆச்சரியமாக இருந்தது.

கடைசி பெஞ்ச் பையன் எழுந்து, "உனக்கு எதைக் கண்டா பயம்?" என்றான்.

யாரும் அதில் குறை கண்டுபிடிக்கவில்லை. அணுசக்தி நகர் பையன், "லிஃப்ட்" என்றான். இருட்டு என்றார்கள், கரப்பான்பூச்சி என்றார்கள். லேபர் கேம்ப் பெண், "ஹார்பர் லைன் ட்ரெயின்ல லேடீஸ் டப்பா கூட்டம்" என்றாள். கேட்ட பையனை மற்றவர்கள் விடவில்லை. "நீ சொல்லு, நீ சொல்லு." அவன் கூச்சத்தோடு, "பல்லி" என்றான். உடனே இன்னும் இரண்டு பேர், "எனக்கும்" என்றார்கள். பேசத் தொடங்கினால் நிறுத்த முடியாது போலிருந்தது. பெல் அடித்த பிறகும் மூன்று பேரும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பல்லி சுவரில் எப்படி ஒட்டிக்கொள்கிறது என்று என்னிடம் கேட்டுக்கொண்டே படியிறங்கினார்கள்.