பைன் விறகு காய்ந்த வருடம்

போன கிழமை அடித்த காற்றில், இப்போது நாங்கள் இருக்கும் ரூஜ் பகுதியில் பக்கத்து வீட்டுப் பைன் மரம் சரிந்துவிட்டது. வெட்ட வந்தவர்கள் மரம் அறுக்கும் வாளை வைத்ததும் பிசின் மணம் எங்கள் குசினிவரை வந்தது. இருபது வருடமாக நான் பேரே எடுக்காத யோகன் ஞாபகத்துக்கு வந்தான்.

அப்போது பிக்கரிங் நகருக்கு வடக்கே ஒரு பழைய வீட்டை இருவருமாக வாடகைக்கு எடுத்திருந்தோம். மேலே அவன் குடும்பம். பேஸ்மென்றில் நானும் மனைவியும், ஒரு இரும்பு விறகடுப்பும். ஒரே ஃபக்டரி, ஒரே ஷிப்ட். வேலைக்குப் போவதும் அவனுடைய காரில்தான்.

பனி உருகிய கையோடு வளவில் ஒரு பெரிய பைன் விழுந்தது.

"பைன் எரிச்சா சிம்னி பத்துமாமே?" என்றேன்.

"ஈரமா எரிச்சாத்தான் பிசுக்குப் பிடிச்சுப் பத்தும். கோடை முழுக்கக் காயவிட்டா ஒண்டுமில்லை. வாற வின்ரருக்கு நீ சுவெற்றரே போடத் தேவையில்லை."

விறகு விஷயத்தில் அவன் சொன்னது சரிதான். இருவருமாகப் பிளந்தோம். என் கோடாலி விறகைவிட நிலத்தைத்தான் கூடுதலாகப் பிளந்தது. பலகைகளின் மேல் அடுக்கி, பக்கங்களைக் காற்றுக்கு விட்டு, மேலே மட்டும் தார்ப்பாய் போட்டோம். மனைவிக்கு மார்கழியில் பிள்ளை பிறக்க இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு கட்டைகளை எடுத்துத் தட்டிப் பார்ப்பேன். முதலில் மந்தமாக இருந்த சத்தம், ஆவணி முடிய 'டங்' என்று கேட்டது. ஏதோ நானே மரத்துக்குப் பேசப் பழக்கியதுபோல ஒரு பெருமை.

புரட்டாதியில் வீட்டுக்காரக் கிழவர் வந்தார். எப்போது வீட்டைவிட்டு வெளிக்கிடுகிறீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டார். வீட்டை யோகனுக்கே விற்றாகிவிட்டதாம். பேஸ்மென்றுக்கு அவனுடைய மச்சான் குடும்பம் வருகிறதாம். எல்லாம் வசந்தத்திலேயே பேசி முடித்ததாம். நாங்கள் விறகு பிளந்துகொண்டிருந்த அதே நாட்களில்.

"ஏனடா சொல்லேல்லை?" என்று யோகனிடம் கேட்டேன்.

அவன் நிமிரவில்லை. "நீ அவ்வளவு ஆசையா அடுக்கிக்கொண்டிருந்தாய். என்னெண்டு சொல்லுறது?"

வெளிக்கிட்ட அன்று மழை இருட்டிக்கொண்டு வந்தது. தார்ப்பாயை இழுத்து எறிந்துவிடலாம் என்று போய்க் கையை வைத்தேன். "விடுங்கோ, மேலயும் பிள்ளையள் இருக்கு" என்றாள் மனைவி. விட்டுவிட்டேன். அது பெருந்தன்மை இல்லை, வயிற்றெரிச்சலோடுதான் விட்டேன்.

அந்த வீடும் வளவும் இப்போது இல்லை. வரிசை வீடுகள் வந்துவிட்டன. அந்தக் காலத்தில் யாராவது "நாங்கள்" என்றால், அதற்குள் நானும் இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன். இப்போது, அதில் யார் யார் என்று கேட்டுவிடுகிறேன்.