இருபது கிலோ

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் மூன்று மாடிக் கடைத்தொகுதி ஒன்று இருந்தது. தானாக ஏறும் படிக்கட்டை நான் முதன்முதலில் கண்டதும், அதில் பாவாடை சிக்கி ஊரே பார்க்க விழுந்ததும் அங்கேதான். இரண்டாம் மாடியில் மாமாவின் சூட்கேஸ் கடை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, லொட்ஜில் தங்கி விசாவுக்குக் காத்திருந்த சனமெல்லாம் அவரிடம்தான் பெட்டி வாங்கும். மிளகாய்த்தூளும் கம்பளிச் சட்டையும் அடைத்து, பயணத்துக்கு முதல்நாள் அதே கடைக்குத் தூக்கிவந்து நிறுத்துப் பார்க்கும். இருபது கிலோவுக்கு மேல் விமானத்தில் ஏற்றமாட்டார்கள்.

அந்தத் தராசில்தான் என் பிழைப்பு. பெட்டிக்குப் பின்னால் நின்று தட்டின் ஓரத்தைப் பெருவிரலால் அழுத்துவேன். முள் இருபத்திரண்டுக்குப் போகும்.

"லொட்ஜில நிறுக்கேக்க பத்தொன்பதுதானே காட்டினது?"

"இந்தத் தராசுக்குப் பசி வந்தால் கூடத்தான் காட்டும்," என்பார் மாமா, என் பக்கம் திரும்பாமலே.

அவர்கள் தின்பண்டத்தைத்தான் முதலில் வெளியே எடுப்பார்கள். பருத்தித்துறை வடையும் பயத்தம்பணியாரமும் தின்று நானும் ஒரு பெட்டி அளவுக்கு வளர்ந்தேன்.

நகரில் குண்டு வெடித்தபின், கடைத்தொகுதி வாசலில் பைகளைத் துழாவத் தொடங்கினார்கள். சனம் குறைந்தது. சேலைக்கடைக்காரர் மாமாவிடம் ஒரு பெட்டி வாங்கினார். மறுகிழமை அவர் கடைக்குப் பூட்டு. பிறகு பொம்மைக் கடைக்காரர், பிறகு ஐஸ்கிறீம் கடைக்காரர். படிக்கட்டும் ஓடாமல் நின்றுவிட்டது. எங்கள் கடையில் மட்டும்தான் வியாபாரம் என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டேன்.

ஒருநாள் மாமா மேல்தட்டிலிருந்த பெரிய பெட்டியை இறக்கி, தன் உடுப்புகளை அடுக்கினார். மாமி ஒவ்வொன்றாக மடித்துக் கொடுத்தாள். பெட்டி தராசில் ஏறியது. கனம் கூடினால் ஆளையே போக விடமாட்டார்கள் என்று நினைத்து, இம்முறை இரண்டு காலாலும் ஏறி நின்று பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

மாமா முள்ளைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு சட்டையாக வெளியே எடுத்தார். வடைப் பொட்டலத்தையும் எடுத்தார். பெட்டி வெறுமையாகியும் முள் இருபதைத் தாண்டியே நின்றது.

"சரி, கனம் கூடிப்போச்சு. நான் போகேல்லை. இறங்கு குஞ்சு," என்று வடையை நீட்டினார்.

வென்ற மிதப்பில் இறங்கி, ஒன்றுவிடாமல் தின்றேன். பக்கத்தில் மாமி அந்தச் சட்டைகளைத் திரும்பவும் மடித்துக்கொண்டிருந்தாள். வீட்டு அலுமாரியில் வைக்கத்தான் என்று நினைத்தேன்.