தவக்காலத்தில் எரிந்த ஸ்டார்

பொழுது சாய்ந்ததும் மோட்டார் கொட்டகையில் சுவிட்சைப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்ப்பார் இருதயசெல்வி. மூங்கில் உச்சியில் சிவப்பு ஸ்டார் விட்டுவிட்டு மின்னும். கிறிஸ்துமசுக்கு வாசலில் தொங்கியதுதான், மாசியிலும் வேர்க்கடலை பிஞ்சுவிட்டிருந்த மல்லாட்டைக் கொல்லைக்குக் காவல் நின்றது. அது எரிந்தவரை காட்டுப்பன்றி வரப்பேறவில்லை.

“தவக்காலத்துல யாராவது ஸ்டார் கட்டுவாங்களாக்கா?” என்று ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாளொன்றில் கோயிலில் எலிசா கேட்டாள்.

“பன்னிக்கு ஏதுடி தவக்காலம்?” என்று அங்கேயே அவள் வாயை அடைத்தவர் இவர்.

விசித்திரமான பிறவி. கோபம் ஏற ஏற இவர் பேச்சில் மரியாதை கூடிக்கொண்டே போகும். “நீங்க சொல்லுங்க” என்று ஆரம்பித்தால், கணவர் மரியஅந்தோணி திண்டிவனத்தில் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லிச் சட்டையை மாட்டிவிடுவார்.

பைபாசில் போன எவனோ அந்த வெளிச்சத்தைப் படம் பிடித்துப் பரப்பிவிட்டான். இருட்டில் மூங்கில் தெரியவில்லை, அந்தரத்தில் சிவப்பு மிதந்தது. வேற்றுக்கிரகம், உளவு டிரோன் என்று ஆளாளுக்குக் கதை கட்டினார்கள். மறுநாளே மிலிட்டரி ஜீப் கொல்லை வரைக்கும் வந்துவிட்டது. ஏன் சிவப்பு, யாருக்கு சிக்னல் என்று குடைந்தார்கள். கடைசியில் ஜீப்பில் வந்த பெரிய அதிகாரி, “ஒண்ணுமில்ல, சாதாரண ஸ்டார்தான்” என்றார். சொன்ன கையோடு அதைக் கழற்றச் சொன்னார்.

“சாதாரணம்னா எதுக்குங்க சார் கழட்டிக்கினு போறீங்க? மல்லாட்டைய யாருங்க பாத்துப்பாங்க?”

“செக் பண்ணி மேல சொல்லணும்மா.”

அன்றைக்கே பன்றி இறங்கியது. விடிந்து பார்த்தால் பிஞ்சோடு செடிகள் குப்புறக் கிடந்தன. அதே காலையில் பேப்பரில், ‘மர்ம ஒளி: மக்கள் அச்சம் நீங்கியது’ என்று போட்டிருந்தான். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. எந்த மக்கள்? வானத்தைப் பார்த்துப் பயந்தவனுக்கு ஜீப் வருகிறது. மண்ணைக் கிளறிப் போட்ட பன்றியைப் பற்றிக் கேட்க ஒரு நாதி இல்லை. விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்கு ஓடினால், “மிலிட்டரி சமாச்சாரம், எங்களுக்குத் தெரியாது” என்று கையை விரித்தார்கள்.

“வேற ஒண்ணு வாங்கிக்கலாமே” என்றார் மரியஅந்தோணி.

“மாசியில எந்தக் கடையில ஸ்டார் விக்கிறாங்கன்னு நீங்க சொல்லுங்க!”

அவர் சட்டையைத் தேடினார்.

அதற்குப் பிறகு சாயங்காலமானால் தகரத் தட்டும் குச்சியுமாக வரப்பைச் சுற்றுவதே இருதயசெல்வியின் பிழைப்பாகிவிட்டது. தோள்பட்டை வீங்கிப்போனது. தட்டுச் சத்தம் பன்றிக்கும் பழகிப்போனது.

நேற்று மாலை ஜீப் திரும்ப வந்தது. ஓர் இளம் சிப்பாய் இறங்கி, பிளாஸ்டிக் பை ஒன்றை நீட்டினார். உள்ளே ஸ்டார். சோதித்துப் பார்க்க வயரை நறுக்கியிருந்தார்கள். ஒரு முனை கிழிந்து தொங்கியது.

“விசாரணை முடிஞ்சிடுச்சும்மா. உங்க மேல எந்தத் தப்பும் இல்லன்னு எழுதிட்டாங்க.”

இருதயசெல்வி பையை வாங்கவில்லை. இருட்டிக்கொண்டு வரும் கொல்லையை ஒரு முறை பார்த்தார். பிறகு தகரத் தட்டையும் குச்சியையும் அந்தச் சிப்பாயின் கையில் திணித்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.